ஒத்திகைக்கு ஓர் அறை

வடபழனி என்றதும் முருகன் கோயிலும் சினிமாவும்தான் நினைவுக்கு வரும். ஏவி.எம். தன் ஸ்டுடியோவைக் காரைக்குடியிலிருந்து இங்கே பெயர்த்துக்கொண்டு வந்தது 1948-ல். நாகி ரெட்டியின் விஜயா வாஹினி படப்பிடிப்புத் தளங்கள் இருந்த நிலத்தில் இன்று மருத்துவமனையும் மாலும் நிற்கின்றன. ஆனால் இந்த வட்டாரத்துக்குச் சினிமாக்காரர்கள் அதிகம் பேசாத இன்னொரு வரலாறும் உண்டு. ஆற்காடு சாலையில் சற்று மேற்கே போனால் விருகம்பாக்கம். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு பல ஆண்டுகள் அங்கே இயங்கியது. இந்தப் பக்கம் கே.கே. நகர். 1978-ல் 'பரீக்‌ஷா' நாடகக் குழுவைத் தொடங்கிய ஞாநி அங்கே குடியிருந்தார். அவர் வீட்டுக் கிணற்றடியில்தான் 'கேணி' இலக்கியக் கூட்டங்கள் நடந்தன. கேமராவுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் துணை நடிகர்களும், மொட்டைமாடியில் காசில்லாமல் ஒத்திகை பார்க்கும் நாடகக்காரர்களும் ஒரே டீக்கடையில் நின்ற வட்டாரம் இது.

இந்த வட்டாரத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பழைய கேள்வியைத் திரும்பக் கேட்கலாம். பிறப்பை வைத்து முத்திரை குத்தப்பட்ட மக்கள், அதிலும் வெவ்வேறு முத்திரை குத்தப்பட்டவர்கள், சேர்ந்து நாடகம் போட்டால், சேர்ந்து கதை சொன்னால், அவர்களுக்குள் தோழமை வளருமா? வளரும் என்று சொல்வது நாடகக்காரர்களின் வழக்கம். உதவித்தொகைக்கு எழுதும் விண்ணப்பங்களிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எல்லா நேரத்திலும் அது உண்மையில்லை. எப்போது உண்மையாகிறது என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை.

கேள்வி கறுப்பின மக்களின் அரங்கிலிருந்தும் வருகிறது, நம் சேரியிலிருந்தும் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பேசுவது புதிதல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு மனுக் கொடுத்திருப்பதை அறிந்த அம்பேத்கர், 1946-ல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி அதன் நகலைக் கேட்டார். 1972-ல் மும்பையின் தலித் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்குச் சிறுத்தைகளின் பெயரைக் கறுப்பின இயக்கத்திடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 2001-ல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில், சாதி வேறு இனம் வேறு என்று இந்திய அரசு வாதாடியது. தலித் அமைப்புகள் அதை மறுத்து அங்கேயே குரல் எழுப்பின. சாதிக்குத் தோல் நிறம் தேவையில்லை, தெருவின் பெயரே போதும். ஆனாலும் பிறந்த வீட்டை வைத்து ஒருவர் எங்கே நிற்கலாம், எதைத் தொடலாம் என்று தீர்மானிப்பதில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நாடக விஷயத்தில் ஒப்பிட இந்த ஒற்றுமை போதும்.

அம்பேத்கர் கடிதம் எழுதிய அதே டுபாய்ஸ், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1926-ல், தான் நடத்திய 'கிரைசிஸ்' இதழில் கறுப்பின மக்களின் நாடகத்துக்கு நான்கு நிபந்தனைகள் வகுத்திருந்தார். அது அம்மக்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். அவர்களே எழுதியதாக இருக்க வேண்டும். அவர்களுக்காக நடத்தப்பட வேண்டும். நான்காவது, அவர்கள் வசிக்கும் இடத்துக்கு அருகில் நடக்க வேண்டும். முதல் மூன்றைப் பற்றித் தமிழில் நிறையப் பேசிவிட்டோம். யார் கதையை யார் எழுதுவது என்ற தலித் இலக்கிய விவாதம் முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. நான்காவதை மட்டும் ஏதோ வசதி சம்பந்தப்பட்ட சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். என் கணிப்பில் மற்ற மூன்றும் நிற்பதும் விழுவதும் அந்த நான்காவதைப் பொறுத்தே.

முதல் உதாரணம் ஒரு வேலைநிறுத்தம். 1965 செப்டம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். தொடங்கியவர்கள் பிலிப்பினோக்கள், லாரி இட்லியோங் அவர்களின் தலைவர். சில நாட்களில் சீசர் சாவேஸின் சங்கத்திலிருந்த மெக்சிக வம்சாவளித் தொழிலாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். அதுவரை தோட்ட முதலாளிகளின் தந்திரமே ஒரு கூட்டம் வேலையை நிறுத்தினால் மற்றக் கூட்டத்தை இறக்குவதுதான். அந்தச் சூழலில் லூயிஸ் வால்டெஸ் தொழிலாளர்களைக் கூட்டி 'எல் தியேத்ரோ கம்பெசினோ' என்ற குழுவைத் தொடங்கினார். மேடையில்லை, திரையில்லை. டிரக்கின் திறந்த பின்தட்டுதான் அரங்கு. கழுத்தில் தொங்கும் அட்டையில் 'முதலாளி', 'கருங்காலி', 'தொழிலாளி' என்று எழுதியிருக்கும். முதலாளிக்குப் பன்றி முகமூடி. பகலில் மறியலில் நின்றவரே மாலையில் அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு சுருட்டுப் பிடித்து அதிகாரம் பண்ணுவார். கீழே நிற்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பயத்தைப் போக்க அந்தச் சிரிப்பு செய்ததை எந்தத் துண்டறிக்கையும் செய்திருக்க முடியாது.

இதில் ஓர் ஓட்டையும் உண்டு. அந்தக் குறுநாடகங்களின் நகைச்சுவை பெரும்பாலும் மெக்சிகத் தொழிலாளியின் பேச்சிலும் பாட்டிலும் ஊறியது. வேலைநிறுத்தத்தைத் தொடங்கிய பிலிப்பினோக்கள் அதில் அதே அளவுக்கு இடம்பெறவில்லை. பின்னாளில் அந்தப் போராட்டத்தை உலகம் சாவேஸின் பெயரால் நினைவில் வைத்துக்கொண்டது. இட்லியோங் பெயர் பாடப்புத்தகங்களுக்கு வந்துசேர அரை நூற்றாண்டு பிடித்தது. இரண்டு சமூகங்கள் ஒரே கூட்டத்தில் நின்று கைதட்டினால் மட்டும் கதை இருவருக்கும் சொந்தமாகிவிடுவதில்லை.

அந்த ஓட்டையை அடைக்கும் ஒரு முறையை அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் கறுப்பினக் கலைஞர்கள் கண்டுபிடித்தார்கள். டோரிஸ் டெர்பி, கில்பர்ட் மோசஸ், ஜான் ஓ'நீல் ஆகிய மூவர் 1963-ல் மிசிசிப்பியில் 'ஃப்ரீ சதர்ன் தியேட்டர்' தொடங்கினார்கள். காட்சி முடிந்ததும் பார்வையாளர்களோடு விவாதம் நடத்துவார்கள். விவாதத்தில் படித்தவர்கள்தான் பேசினார்கள்; பருத்தி பறிக்கும் கிழவி வாய் திறக்கவில்லை. ஆகவே விவாதத்தை விட்டுவிட்டு வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொல்லும் வழக்கத்துக்கு மாறினார்கள். விதிகள் எளிமையானவை. முறை வைத்துச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, மறுத்துப் பேசவும் கூடாது. சொல்ல விருப்பமில்லை என்றால் அடுத்தவருக்கு விட்டுவிடலாம். அடுத்து என்ன சொல்வது என்று யோசிப்பதைவிட, பேசுபவரைக் கேட்பதே முக்கியம். ஓ'நீலின் பிற்காலக் குழுவான ஜூன்பக், அப்பலாச்சிய மலையின் ஏழை வெள்ளைக்காரர்களைக் கொண்ட ரோட்சைடு தியேட்டருடன் சேர்ந்து இந்த முறையில் 'ஜூன்பக் ஜாக்' என்ற நாடகத்தை உருவாக்கியது. ஒருவரை ஒருவர் சந்தேகிக்கக் கற்பிக்கப்பட்ட இரண்டு ஏழைக் கூட்டங்களின் கதைகளும் பாட்டுகளும் அதில் மாறி மாறி வரும். அந்நாடகம் ஊர் ஊராகப் போனபோது ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர்க்காரர்களைக் கொண்டு ஒரு பாடகர் குழு அமைக்கப்பட்டது. ஆகவே காட்சி நடக்கும் முன்பே இரு தரப்பினரும் பல மாலைகள் ஒன்றாக உட்கார்ந்து பாட வேண்டியிருந்தது. வேலை நடந்தது அந்த மாலைகளில். காட்சி அதன் விளைவு.

தமிழுக்கு வருவோம். 1980-ல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய நாடகப் பட்டறையை இங்கே வீதி நாடகத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். அதன் பிறகு நாடகம் மேடையை விட்டு இறங்கியது. பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984-ல் தொடங்கித் தொழிற்சாலை வாசல்களிலும் தெருமுனைகளிலும் ஆடியது. 90களில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்கள் ஊர் ஊராகப் போயின. இந்தக் குழுக்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இவற்றின் கதைகளில் 'மக்கள்' என்றொரு பாத்திரம் இருந்தது. அதற்கு வர்க்கம் உண்டு, பசி உண்டு, தெரு கிடையாது. ஊரும் சேரியும் ஒரே கோஷத்தில் கரைந்துவிடும்.

ஈழத்திலும் இதே சிக்கலைப் பார்க்கலாம். 1968-ல் யாழ்ப்பாணம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழையப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் சூட்டில் பிறந்தது என்.கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'. கிராமங்கள்தோறும் ஆடப்பட்ட காத்தவராயன் கூத்தின் மெட்டுகளிலேயே அது போடப்பட்டதால், கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அதைப் புரிந்துகொள்ள யாருடைய விளக்கமும் தேவைப்படவில்லை. அதே காலத்தில் சி. மௌனகுரு மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தை எடுத்து 'சங்காரம்' செய்தார். சாதி முதலான பிரிவினைகள் அரக்கர்களாக வர, உழைக்கும் மக்கள் அவர்களை அழிப்பார்கள். ஆட்டமும் தாளமும் அபாரம் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு உறுத்துவது வேறு: எல்லா அரக்கர்களையும் 'உழைக்கும் மக்கள்' என்ற ஒரே நாயகன் கொல்கிறான். அந்த நாயகனுக்குள்ளேயே ஊரும் சேரியும் இருக்குமே, அதை யார் பார்ப்பது?

அதைப் பார்த்தது மட்டக்களப்புதான், ஏறத்தாழ ஒரு தலைமுறை கழித்து. சி. ஜெயசங்கரும் நண்பர்களும் சீலாமுனைக் கிராமத்தில் 'கூத்து மீளுருவாக்கம்' என்று ஒரு வேலையைத் தொடங்கினார்கள். பழைய கூத்துப் பிரதியை ஊராரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பது, பெண்ணை இழிவாகச் சொல்லும் இடம் எது, சாதியைத் தாழ்த்தும் இடம் எது என்று ஆடுபவர்களே பேசித் தீர்மானிப்பது, பிறகு மாற்றி ஆடுவது. கூத்துப் பழகும் களரிதான் அங்கே விவாத மண்டபம்.

தமிழ்நாட்டில் 'மக்கள்' என்ற அந்த மூட்டையை அவிழ்த்தவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் 1955-ல் பிறந்தவர், நாட்டுப்புறப் பாடகர், பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழக நாடகப் பேராசிரியர். இடதுசாரி மேடைகளில் பாடி வளர்ந்தவர் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய ஆண்டுகளில் 'பலியாடுகள்' எழுதினார். தமிழின் முதல் தலித் நாடகம் என்று அதைக் குறிப்பிடுவார்கள். அவருடைய தன்வரலாறான 'வடு' 2005-ல் வந்தது. அதைப் படிப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். சாதி அவருக்குக் கருத்தாக வந்து சேரவில்லை. எந்தக் கடையில் எந்தக் குவளை, எந்தத் தெருவில் செருப்பு என்று இடங்களாகவே வந்தது. நாடகம் என்பதும் இடம் சம்பந்தப்பட்ட கலைதானே. யார் நடுவில் நிற்பது, யார் ஓரத்தில் நிற்பது, யார் யாரைத் தொடலாம் என்பதையெல்லாம் ஒத்திகையில் முடிவு செய்தாக வேண்டும்.

இங்கே கூத்துப்பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை. 70களில் சென்னையில் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்ததுதான் முத்துசாமியைத் திருப்பிப் போட்டது. 'அன்று பூட்டிய வண்டி' கட்டுரைகளில் அந்த வியப்பு தெரியும். புரிசையின் கண்ணப்பத் தம்பிரானிடம் நகரத்து இளைஞர்கள் அடவு கற்றார்கள். அந்தப் பட்டறையின் வழியாகப் போன நாசரும் பசுபதியும் கலைராணியும் குரு சோமசுந்தரமும் சினிமாவில் பெயர் வாங்கினார்கள். நகரம் கிராமத்திடம் மாணவனாக உட்கார்ந்தது பெரிய விஷயம்தான். ஆனால் அங்கே கைமாறியது முதன்மையாக உடல்மொழியும் உத்தியும். கூத்தாடியின் ஊர், அவன் சாதி, பாரதக் கூத்து நடக்கும் களத்தில் யாருக்கு எங்கே இடம் என்ற கேள்வி அந்தப் பயிற்சியின் மையத்துக்கு வரவில்லை. கலையாக அது வென்றது. தோழமை அதன் நோக்கமாக இருக்கவில்லை என்பதால் அந்தக் கணக்கில் அதைக் குறை சொல்லவும் கூடாது.

தோழமையை நோக்கமாகக் கொண்டு சென்னையில் நடந்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது திருநங்கையரின் அரங்கு. 2000களின் தொடக்கத்தில் 'கண்ணாடிக் கலைக்குழு' திருநங்கையரைக் கொண்டே அவர்கள் வாழ்க்கையை மேடையேற்றியது; நெறியாள்கை அ. மங்கை. ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே பெண்ணிய அரங்கைக் கட்டியவர் அவர். பின்னர் எழுத்தாளர் ஏ. ரேவதி தன் வாழ்க்கையைத் தானே தனிநடிப்பாக நடித்தார். லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் மூவரும் 'பன்மை' குழுவைத் தொடங்கித் தங்கள் அனுபவங்களையே நாடகமாக்கினார்கள். வித்யா தலித் குடும்பத்தில் பிறந்தவர். சாதியும் பாலினமும் தன் மேல் சேர்ந்தே இறங்குவதை எழுத்திலும் பேட்டிகளிலும் வெளிப்படையாகப் பேசியவர். தலித் அரங்கு ஒரு பக்கம், திருநங்கையர் அரங்கு இன்னொரு பக்கம் என்று நாம் போட்ட கோடு அவர் விஷயத்தில் அழிந்துபோகிறது.

இந்த வரிசையில் ஸ்ரீஜித் சுந்தரத்தின் 'கட்டியக்காரி' குழு செய்த 'மொளகாப்பொடி'யைத் தனியாகச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் பாமாவின் சிறுகதை அது. மாட்டுக்குப் புல் அறுக்க வந்த தலித் பெண்களின் கண்ணில் நிலக்காரி கங்கம்மா மிளகாய்ப் பொடியைத் தூவுகிறாள். அந்தக் கதையில் திருநங்கையர் நடித்தார்கள். இதில் நடப்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நடிப்பவருக்குத் தெருவில் கல்லெறிபட்ட அனுபவம் இருக்கும். காவல் நிலையத்தில் ஏளனப் பார்வை பட்ட அனுபவம் இருக்கும். புல்லுக்கட்டோடு வரப்பில் ஓடிய அனுபவம் இருக்க வேண்டியதில்லை. தன் காயத்தைக் கொண்டு மற்றவர் காயத்தை அளந்து பார்க்கலாம். இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. குனிந்து அறுக்கும் முதுகை, அரிவாள் பிடிக்கும் கையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கங்கம்மாவாக வருபவருக்கு வேலை இன்னும் கடினம். அடிவாங்கிய உடம்பு, அடிக்கும் கை எப்படி உயர்கிறது என்று பழக வேண்டும். சொந்தக் கதையைச் சொல்வது ஒரு படி. பக்கத்தில் நிற்பவர் கதையை அவர் முன்னிலையில், அவர் திருத்தத் திருத்தச் சொல்லிப் பழகுவது அடுத்த படி. இந்த இரண்டாவது படியில்தான் அனுதாபம் தோழமையாக மாறுகிறது. அதற்கு நாட்கள் வேண்டும்.

சொந்தக் கதையோடு நின்றுவிடும் அரங்கில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. குளிரூட்டிய அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் வலியைக் கேட்கவே வருகிறார்கள். ஒவ்வொரு காட்சியிலும் தன் அவமானத்தைப் புதிதாகத் திறந்து காட்ட வேண்டிய கட்டாயம் நடிகருக்கு ஏற்படுகிறது. கண்ணீர் வந்தால் வெற்றி. நிகழ்ச்சி முடிந்ததும் காரில் ஏறிப் போய்விடுவார்கள். நடிகர் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைவார். தொண்டு நிறுவனங்கள் திட்டத்துக்கென்று எழுதிக் கொடுக்கும் விழிப்புணர்வு நாடகங்கள் இதைவிட மோசம். எய்ட்ஸ், மது, கழிவறை என்று தலைப்பு மேலிருந்து வரும். நடிப்பவர் வாய் மட்டும் இரவல்.

2015-ல் பெசன்ட் நகரின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவும் இந்தச் சோதனையைச் சந்தித்தது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் ஆகியோரோடு குப்பத்து இளைஞர்களும் சேர்ந்து நடத்தியது அது. கர்நாடக இசையும் கட்டைக்கூத்தும் பறையும் ஒரே மேடையில் வந்தன. குப்பத்துக்குக் கலையைக் 'கொண்டுபோகிறார்களா' என்று அப்போதே கேள்வி எழுந்தது; கேட்டது நியாயம். என் பார்வையில் அந்த விழாவின் சாதனை, தெருவுக்கு அந்தப்பக்கம் ஐந்து நிமிட நடையில் இருந்தும் குப்பத்துக்குள் கால் வைத்திராத பெசன்ட் நகர்க்காரர்களை உள்ளே வரவழைத்தது. குறை, அது ஓரிரு நாள் விழா என்பது. பந்தலைப் பிரித்த பிறகு நடப்பதற்கு ஓர் இடம் வேண்டும். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்துக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. 2002 முதல் 2020 வரை பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகள் வேடம் கட்டினார்கள். வழக்கத்தை மாற்றியது ஆண்டுக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கியது.

சென்னையில் அந்தக் கூரைக்கு முதல் தடையாக நெடுங்காலம் இருந்தது சட்டம். நடிகர் எம்.ஆர். ராதாவை மனதில் வைத்துக் கொண்டுவரப்பட்டது என்று சொல்லப்படும் 1954-ன் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின்படி, பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஒத்திகையில் பேசிப் பேசி உருவாகும் நாடகத்துக்கு ஏது முன்கூட்டிய பிரதி? கதை வட்டத்தில் பிறக்கும் வசனத்தை எந்த ஆய்வாளரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? ஞாநி வழக்குத் தொடர்ந்தார். 2013-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கே.கே. நகர்க்காரர் ஒருவர் தமிழ் நாடகத்துக்குச் செய்த உதவிகளில் இதுவே பெரிது என்பேன். அவர் எழுதிய நாடகங்களைவிடவும்.

இரண்டாவது தடைக்கு வழக்குப் போட முடியாது. அது வாடகை. வடபழனியில் மெட்ரோ வந்தது, மால் வந்தது. பழைய வீடுகள் அடுக்ககமாக மாறின. மொட்டைமாடியில் பறை அடித்தால் குடியிருப்போர் சங்கம் கதவைத் தட்டுகிறது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒத்திகைக் கூடங்கள் இருக்கின்றன. தினக்கூலிக்குப் போய்வரும் நடிகர்களை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அங்கே ஒத்திகை பார்க்கும் வசதி எந்தச் சிறு குழுவுக்கும் இல்லை. மயிலாப்பூர், தி. நகர் சபாக்களுக்கு உறுப்பினர் சந்தா உண்டு, டிசம்பர் இசை விழா உண்டு. சேரிப் பிள்ளைகளும் திருநங்கையரும் ஒன்றாக உட்காரும் குழு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி 'நீங்க யாரு' என்பதுதான். செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்தனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் மாலை ஒத்திகைக்கு வடபழனி வந்து திரும்புவதற்குள் கடைசி பஸ் போயிருக்கும். டுபாய்ஸ் சொன்ன 'அருகில்' என்ற நான்காவது நிபந்தனை இந்த ஊரில் இப்படித்தான் உடைகிறது. ஒத்திகைக் காலம் சுருங்கச் சுருங்க, ஒருவர் கதையை மற்றவர் பழகும் அந்த இரண்டாவது படி காணாமல் போகிறது. மிஞ்சுவது ஆளுக்கொரு தனிநடிப்பு.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியது இன்னொரு விருதையோ இன்னொரு விழாவையோ அல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் வகுப்பறைகள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. கோடம்பாக்கம் மண்டலத்திலும், மக்களைக் குடியேற்றிய செம்மஞ்சேரியிலும், வார்டுக்கு ஓர் அறையை வாரத்தில் மூன்று மாலை நாடகக் குழுக்களுக்கு வாடகையின்றித் திறந்துவிடலாம். தண்ணீர், கழிவறை, இரவு 9 மணி வரை மின்சாரம், யார் வந்தாலும் 'நீங்க யாரு' என்று கேட்காத ஒரு காவலாளி. இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், மாமன்றத்தில் ஒரு தீர்மானம் போதும். உங்கள் வார்டு உறுப்பினரைத் தெரிந்தவர்கள் கேட்டுப் பாருங்கள்.